உள்ளம் பயிலும் கல்வி

நுழையும் முன்

மேல்நிலைக் கல்வியை முடிக்கும் மாணவர் முன் விரியும் பாதைகளுள் உளவியலும் ஒன்று. பள்ளியில் பெரும்பாலோர் பாடமாகப் படித்திராத இத்துறையைப் பற்றி எதிர்பார்ப்புகள் மிகுதி, செய்திகள் குறைவு. உளவியலைச் சிறப்புப் பாடமாக ஏற்ற மாணவர் வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் உண்மையில் என்ன செய்கிறார், எதைக் கற்கிறார், எந்த எண்ணங்களைக் கைவிட நேர்கிறது என்பதை இப்பாடம் காட்டுகிறது.

இரு கேள்விகள்

உளவியல் படிப்பதாகச் சொல்லும் மாணவரிடம் உறவினர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். "அப்படியா! நான் இப்போது என்ன நினைக்கிறேன், சொல் பார்ப்போம்!" இரண்டாம் கேள்வி மற்றவர்கள் அகன்றபின், தாழ்ந்த குரலில் வரும். "நம் வீட்டில் ஒருவருக்குச் சில மாதங்களாக உறக்கம் இல்லை. யாரிடமும் பேசுவதும் இல்லை. நீதான் படிக்கிறாயே, ஏதாவது வழி சொல்லேன்."

முதல் கேள்விக்குச் சிரித்து விடையளித்துவிடலாம். இரண்டாம் கேள்வி எளிதன்று. உண்மையில், உளவியல் வகுப்பில் வந்து அமரும் மாணவர் பலர் அந்த இரண்டாம் கேள்வியைத் தம் உள்ளத்தில் சுமந்தே வருகின்றனர். தம்மையோ, தம்மைச் சார்ந்தோரையோ வருத்திய ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும் என்னும் வேட்கையே அவர்களை இத்துறைக்கு அழைத்து வருகிறது. ஆனால், முதற்பருவத்தில் அவர்கள் கையில் தரப்படுபவை வரைபடத்தாள், புள்ளியியல் நூல், நரம்பணுவின் படம் ஆகியவையே. ஏமாற்றம் அடையாத மாணவர் அரியர். அந்த ஏமாற்றத்திற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது.

மனத்தைப் பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வுகள் உடலில் வெளிப்படும் முறையை எட்டு வகையாகப் பகுத்து, ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களைச் சுட்டுகிறது. அதன் கூர்த்த நோக்கு வியக்கத்தக்கது. எனினும் அது செய்யுளுக்காக வகுக்கப்பட்ட இலக்கணம். அதனை உளவியல் நூல் என்று கூறுவது அந்நூலுக்கும் பெருமையாகாது, உளவியலுக்கும் பொருந்தாது. உற்றுநோக்கிக் கூறியதைச் சோதனையால் நிறுவ வேண்டும் என்னும் கட்டாயத்தை ஏற்றபோதுதான் உளவியல் தனித்துறையாயிற்று. ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் உண்ட் 1879ஆம் ஆண்டு நிறுவிய ஆய்வகத்தை அதன் தொடக்கமாகக் கொள்வது மரபு.

பட்டமும் பெயரும்

'ஆனர்ஸ்' என வழங்கும் சிறப்புப் பட்டம் தமிழகம் அறியாததன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஒரு துறையை மட்டும் ஆழ்ந்து பயிலும் ஆனர்ஸ் வகுப்புகள் நடைபெற்றன. பின்னர் அவை மறைந்தன. இன்று தமிழகக் கல்லூரிகள் பலவற்றில் உளவியல் மூன்றாண்டு இளநிலைப் பட்டமாகப் பயிற்றுவிக்கப்படுகிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆனர்ஸ் என்னும் பெயர் தொடர்ந்து வழங்கி வருகிறது. அங்கு 2022 முதல் பொது நுழைவுத் தேர்வின் வழியே மாணவர் சேர்க்கப்படுகின்றனர். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட நெறிமுறை மூன்றாண்டுப் பட்டத்திற்கு 120 தரப்புள்ளிகளையும், நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்திற்கு 160 தரப்புள்ளிகளையும் வகுத்துள்ளது. முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றவர் நான்காம் ஆண்டில் ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ் பட்டத்தைத் தேர்ந்துகொள்ளலாம். பட்டத்தின் பெயரும் காலமும் இடத்திற்கு இடம் வேறுபடினும், உள்ளே பயிலும் பொருள் பெரிதும் ஒன்றே. உடற்கூற்று உளவியல், வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், உளக்கோளாறுகள், உளவியலின் வரலாறு ஆகியவற்றோடு புள்ளியியலும் ஆய்வுமுறையும் செய்முறையும் எங்கும் இடம்பெறும்.

ஏமாறும் கண்கள்

உளவியல் ஆய்வகத்தில் மணமுள்ள வேதிப்பொருள்கள் இல்லை. மேசை, நாற்காலி, நிறுத்து கடிகாரம், சில பலகைகள், சில அட்டைகள் ஆகியவையே பெரும்பாலும் காணப்படும். மாணவர் இருவர் இருவராக அமர்வர். ஒருவர் ஆய்வாளர், மற்றவர் ஆய்வுக்கு உட்படுபவர். அடுத்த வகுப்பில் இருவரும் இடம் மாறிக்கொள்வர். தானே ஆய்வாளராகவும் ஆய்வுப்பொருளாகவும் மாறிமாறி அமர்வது வேறு அறிவியல் துறைகளில் காண்பதற்கு அரியது.

தொடக்கநிலைச் செய்முறைகளுள் புகழ்பெற்றது முல்லர்-லயர் மாயத்தோற்றம். ஜெர்மானியரான பிரான்ஸ் முல்லர்-லயர் 1889இல் வெளியிட்ட உருவம் அது. நேர்கோடு ஒன்றின் இரு முனைகளிலும் அம்புத்தலை போன்ற சிறு கோடுகள் உள்நோக்கி மடங்கியிருக்கும். அதே நீளமுள்ள மற்றொரு கோட்டின் முனைகளில் அச்சிறு கோடுகள் வெளிநோக்கி விரிந்திருக்கும். இரண்டாம் கோடே நீண்டதாகத் தோன்றும். செய்முறைப் பலகையில் ஒரு கோடு நிலையானது. மற்றொன்றை இழுத்து நீட்டலாம், சுருக்கலாம். இரண்டும் சமம் எனத் தோன்றும் இடத்தில் மாணவர் நிறுத்த வேண்டும். பலகையின் பின்புறத்து அளவுகோலில் பிழை எத்தனை மில்லிமீட்டர் என்பதை ஆய்வாளர் குறித்துக்கொள்வார். இடப்புறத்திலிருந்து சில முறை, வலப்புறத்திலிருந்து சில முறை, சுருங்கிய நிலையிலிருந்து நீட்டிச் சில முறை, நீண்ட நிலையிலிருந்து சுருக்கிச் சில முறை எனப் பலமுறை இது நிகழும். கை இழுக்கும் பழக்கத்தால் வரும் பிழை கண்ணின் பிழையோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காகவே இத்தனை எச்சரிக்கை.

இங்கே மாணவர் அடையும் வியப்பு ஒன்று உண்டு. கோடுகள் சமமானவை என்று அவருக்கு முன்பே தெரியும், அளந்தும் பார்த்திருக்கிறார். ஆயினும் அவர் கண்கள் அதை ஏற்பதில்லை. அறிவு அறிந்ததைக் கண் கேட்க மறுக்கிறது. தன் மனம் தனக்கே பொய்யுரைக்கும் என்பதைக் கேட்டறிவது வேறு. மில்லிமீட்டரில் எழுதி ஆசிரியரிடம் கையொப்பம் பெறுவது வேறு.

இந்தக் கோடுகளுக்கும் நீலகிரிக்கும் ஒரு தொடர்பு உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மருத்துவரும் உளவியல் ஆய்வாளருமான ரிவர்ஸ், 1901-02ஆம் ஆண்டுகளில் நீலகிரி மலையில் தங்கித் தோடர் இன மக்களிடையே புலனறிவுச் சோதனைகளை நடத்தினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1898இல், ஆஸ்திரேலியாவிற்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளிலும் அவர் இத்தகைய சோதனைகளைச் செய்திருந்தார். நாகரிகத்தில் பிற்பட்டோர் எனத் தாம் கருதிய மக்களின் புலன்கள் மிகக் கூர்மையானவை என்னும் எண்ணம் அக்காலத்து ஐரோப்பியரிடையே பரவியிருந்தது. சோதனையின் முடிவுகள் அத்துணை எளிமையாக அமையவில்லை. முல்லர்-லயர் உருவத்தில் தோடர்கள் ஆங்கிலேயரைவிடக் குறைவாகவே ஏமாந்தனர். கிடைக்கோட்டையும் அதன்மேல் நிற்கும் செங்குத்துக் கோட்டையும் ஒப்பிடும் மற்றொரு மாயத்தோற்றத்திலோ ஆங்கிலேயரைவிட மிகுதியாக ஏமாந்தனர். கூர்மை, மழுக்கம் என்னும் ஒற்றை அளவுகோலில் மக்களை வரிசைப்படுத்த நினைத்தோருக்கு இம்முடிவு இடர் தந்தது.

செங்கோண மூலைகளும் நேர்விளிம்புகளும் நிறைந்த வீடுகளில் வளர்வோரின் கண்கள் அச்சூழலுக்கேற்பப் பழகியமையே முல்லர்-லயர் மாயைக்குக் காரணம் என்னும் கருத்தைச் சீகல், கேம்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் ஆகியோர் 1966இல் பல நாட்டு மக்களிடம் பெற்ற சான்றுகளோடு முன்வைத்தனர். அவ்விளக்கம் இன்றும் விவாதத்திற்கு உரியதாகவே உள்ளது. எல்லா மனிதருக்கும் பொதுவானது என எண்ணப்பட்ட பார்வையிலேயே வேறுபாடு இருக்கலாம் என்பதை ஆய்வாளர் உலகம் அறியத் துணைசெய்த இடங்களுள் நீலகிரியும் ஒன்று என்பதைச் செய்முறை ஏட்டில் கோடு வரையும் தமிழக மாணவருள் அறிந்தோர் சிலரே.

மறதியை அளந்தவர்

மறதியை எவ்வாறு அளப்பது? ஹெர்மன் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானியர் இவ்வினாவைத் தனியொருவராக எதிர்கொண்டார். அவரிடம் ஆய்வகமும் இல்லை. ஆய்வுக்கு உட்பட ஆளும் இல்லை. தம்மையே ஆய்வுப்பொருளாக்கிக்கொண்டார். பாடல் ஒன்றை மனப்பாடம் செய்தால் அதன் பொருளும் ஓசையும் நினைவிற்குக் கைகொடுத்துவிடும். ஆகவே, மெய்யெழுத்துகளுக்கு நடுவே உயிரெழுத்தை வைத்துப் பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2300 ஆக்கினார். அவற்றை வரிசைகளாக்கி மனப்பாடம் செய்தார். காலம் கழித்து மீண்டும் அதே வரிசையைக் கற்றார். இரண்டாம் முறை எவ்வளவு நேரம் மிச்சமாகிறதோ அவ்வளவு நினைவு எஞ்சியிருக்கிறது என்று கணக்கிட்டார்.

அவர் 1885இல் வெளியிட்ட நூல் தரும் முடிவுகள் மாணவர் எவரையும் நிமிர்ந்து அமரச் செய்யும். கற்ற 20 நிமிடங்களில் மிச்சம் 58 விழுக்காடு. ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. ஆறு நாள்களில் 25. முப்பத்தொரு நாள் கழிந்தபின் 21. இழப்பின் பெரும்பகுதி முதல் ஒரு மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. அதன்பின் மறதியின் வேகம் தணிகிறது. தேர்வுக்கு முந்தைய இரவில் ஒரே மூச்சாகப் படிப்பதைவிட நாள்களுக்கிடையே பகிர்ந்து படிப்பது நல்லது என்பதையும் அவரே அந்நூலில் சுட்டினார்.

இச்செய்முறையைத் தமிழில் செய்ய முனையும் மாணவர் சுவையான தடை ஒன்றைச் சந்திப்பார். பொருளற்ற அசையைத் தமிழில் கண்டுபிடிப்பது எளிதன்று. ஓரெழுத்தே சொல்லாகி நின்று பொருள் தருவன 42 என நன்னூல் கணக்கிடுகிறது. ஓரெழுத்தே பொருள் தரும் மொழியில் மூன்று ஒலிகள் சேர்ந்தபின் பொருளின்றி நிற்கச் செய்வது கடினம். பட்டியலில் எழுதும் அசைகளுள் ஒன்று ஊர்ப்பெயரையும், மற்றொன்று வீட்டில் வழங்கும் செல்லப்பெயரையும் நினைவூட்டிவிடும். ஜெர்மன் மொழிக்கென வகுத்த முறை வேறொரு மொழிக்கு வரும்போது அப்படியே வருவதில்லை என்பதை மாணவர் இங்கே முதன்முறையாக உணர்கிறார்.

எண்களைக் கண்டு அஞ்சுதல்

கணக்கிலிருந்து விலகவே உளவியலை எடுத்தேன் என்று கூறும் மாணவர் எல்லா வகுப்பிலும் இருப்பர். புள்ளியியல் தாள் அவர்களைப் பிடித்து நிறுத்தும். சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவுக் கெழு எனத் தொடங்கி, இரு குழுக்களுக்கு இடையே காணும் வேறுபாடு தற்செயலாக நேர்ந்திருக்கக் கூடுமா என்று சோதிக்கும் முறைகள் வரை அது நீளும்.

இதன் தேவையை விளக்க ஓர் எடுத்துக்காட்டு போதும். இரவில் நெடுநேரம் அலைபேசி பார்ப்போர் குறைவாக உறங்குகின்றனர் என ஒரு வகுப்பில் கணக்கெடுத்தோர் கண்டதாகக் கொள்வோம். அலைபேசி உறக்கத்தைக் கெடுத்தது என்று முடிவு செய்ய மனம் விரையும். உறக்கம் வராமையால் அலைபேசியை எடுத்தோரும் அவர்களுள் இருக்கலாம். தேர்வு பற்றிய கவலை ஒன்றே உறக்கத்தைக் குறைத்து, அலைபேசி பார்ப்பதையும் கூட்டியிருக்கலாம். இரண்டு சேர்ந்து நிகழ்வது வேறு, ஒன்று மற்றொன்றை நிகழ்த்துவது வேறு. காரணத்தை அறிய வேண்டுமாயின், மாணவரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாக்கி, ஒரு குழுவின் அலைபேசிப் பயன்பாட்டை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். மனம் விரும்பும் முடிவை நோக்கி ஓடாமல் தடுக்கும் கடிவாளமாகவே உளவியலில் புள்ளியியல் பயன்படுகிறது.

ஒரு சொல் மாற்றிய நினைவு

எண்களின் உதவியின்றிக் கண்டிருக்க முடியாத உண்மைகளுள் ஒன்றை எலிசபெத் லோஃப்டஸ், ஜான் பாமர் ஆகியோர் அமெரிக்காவில் 1974இல் வெளியிட்டனர். மகிழுந்துகள் மோதும் படக்காட்சியை மாணவர்க்குக் காட்டினர். பின்னர் மகிழுந்துகள் எவ்வளவு வேகத்தில் சென்றன என்று கேட்டனர். கேள்வியில் ஒரு வினைச்சொல் மட்டும் குழுவிற்குக் குழு மாறியது. "மோதி நொறுங்கியபோது" என்ற பொருள்தரும் சொல்லைக் கேட்டோர் மணிக்கு 40 மைலுக்கு மேல் எனச் சராசரியாக மதிப்பிட்டனர். "தொட்டுக்கொண்டபோது" என்ற பொருள்தரும் சொல்லைக் கேட்டோரின் சராசரி 32 மைலை எட்டவில்லை.

அதைவிட வியப்பானது அடுத்த சோதனை. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று கேட்டனர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. எனினும் "நொறுங்கிய" என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் கண்டதாகக் கூறினர். மென்மையான சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் அவ்வாறு கூறியோர் 7 பேர். அவர்கள் பொய்யுரைக்கவில்லை. கேள்வியில் வந்த சொல், கண்ட காட்சிக்குள் புகுந்து நினைவாகிவிட்டது. கண்ணால் கண்டதாகச் சொல்லும் சாட்சியை நம்பித் தீர்ப்பு வழங்கும் உலகில் இது சிறு செய்தி அன்று. வீட்டுச் சண்டை ஒன்றை நினைவுகூரும் உடன்பிறந்தார் இருவர் இருவேறு கதைகளை ஐயமின்றிக் கூறுவதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

பாடநூலை ஐயுறுதல்

பெரும்புகழ் பெற்ற சோதனைகளையும் உளவியல் மாணவர் ஐயத்தோடு அணுகப் பழக்கப்படுகிறார். 2015இல் பன்னாட்டு ஆய்வாளர் பலர் ஒன்றுகூடி, தரமான உளவியல் இதழ்களில் வெளிவந்த 100 ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்த முடிவை வெளியிட்டனர். முதலில் வெளியானபோது அவற்றுள் 97 விழுக்காடு, தற்செயல் எனத் தள்ள முடியாத முடிவுகளைக் காட்டியிருந்தன. மீண்டும் செய்தபோது அத்தகைய முடிவைக் காட்டியவை 36 விழுக்காடு மட்டுமே. இச்செய்தி துறைக்கு நாணத்தைத் தந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் தன் குறையைத் தானே எண்ணிக் கணக்கிட்டு ஊரறிய வெளியிட்டவர்கள் உளவியலாரே. மாதிரியைப் பெரிதாக்குதல், சோதனைக்கு முன்பே கருதுகோளைப் பதிவுசெய்தல், தரவுகளைப் பிறர் பார்வைக்கு வைத்தல் ஆகிய வழக்கங்கள் அதன்பின் வலுப்பெற்றன.

சோதனைக்கு உட்படும் மனிதரின் நலனும் பாடத்தின் பகுதியே. ஸ்டான்லி மில்கிராம் 1963இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி தருமாறு அதிகாரம் மிக்க ஆய்வாளர் பணித்தபோது, 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் எனக் குறித்த இறுதிப் பொத்தான் வரை சென்றனர். மின்னதிர்ச்சி உண்மையில் தரப்படவில்லை. அதை அறியாத அவர்களின் நடுக்கமும் வியர்வையும் உண்மையானவை. மனித இயல்பைப் பற்றி இவ்வளவு கற்றுத்தந்த சோதனையை இன்று அவ்வாறே செய்ய எந்த அறநெறிக் குழுவும் இசையாது. வகுப்புத் தோழரிடம் பத்து வினாக்கள் கேட்பதாயினும் மாணவர் முதலில் ஒப்புதல் பெற வேண்டும். விரும்பாவிடில் இடையில் விலகலாம் எனக் கூற வேண்டும். பெயரை மறைக்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் உளவியலுக்கெனத் தனித்துறை முதன்முதலில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916இல் தொடங்கியது. அதன் பொறுப்பை ஏற்ற நரேந்திரநாத் சென்குப்தா ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றவர். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் 1924இல் துறை உருவாயிற்று. அதன் தலைவர் எம்.வி. கோபாலசுவாமி 1935இல் மைசூரில் தம் இல்லத்தில் வானொலி நிலையம் ஒன்றைத் தொடங்கி 'ஆகாசவாணி' எனப் பெயரிட்டார்.

எவருடைய மனம்?

பாடநூலில் வரும் சோதனைகளில் பங்கேற்றவர் யார் என்று வினவும் மாணவர் விரைவில் ஓர் உண்மையை அறிவார். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்க, ஐரோப்பியக் கல்லூரி மாணவர்கள். முன்னணி உளவியல் இதழ்களின் ஆய்வுகளில் இடம்பெற்றோருள் ஏறத்தாழ 96 விழுக்காட்டினர், உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினர் வாழும் மேலை நாடுகளைச் சார்ந்தவர்கள் என 2008இல் வெளியான கணக்கெடுப்பைச் சான்றாகக் கொண்டு ஹென்ரிச் உள்ளிட்டோர் 2010இல் எழுதினர். தோடர்களின் கண்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன் எழுப்பிய ஐயம் இங்கே பெரிய அளவில் திரும்பி வருகிறது.

இந்திய ஆய்வாளர் இதனை முன்பே எதிர்கொண்டுள்ளனர். மேலை நாட்டு நுண்ணறிவுச் சோதனைகள் பள்ளிக்கூடம் செல்லாதவரை அறிவற்றவராகக் காட்டின. சி.எம். பாட்டியா 1955இல் வெளியிட்ட சோதனைத் தொகுதி, வண்ணக் கட்டைகளை அடுக்குதல், துண்டுபட்ட படத்தை ஒன்றுசேர்த்தல் போன்ற கைச்செயல்களைக் கொண்டது. எழுத்தறியாதவரின் அறிவும் அதில் வெளிப்பட வழி கிடைத்தது. அளவுகோல் பிழையாயின் அளக்கப்படுபவர் மீது பழி விழும். அப்பழி, ஒரு குழந்தையைப் பள்ளியின் பின்வரிசைக்கு அனுப்பிவிடக் கூடியது.

இரண்டாம் கேள்விக்கு விடை

உளக்கோளாறுகள் பற்றிய தாள் வரும் பருவத்தில் வகுப்பறையில் ஒரு மாற்றம் நிகழும். அறிகுறிகளைப் படிக்கும் மாணவர் ஒவ்வொரு கோளாற்றையும் தமக்குள் காணத் தொடங்குவர். கதவைப் பூட்டியபின் மீண்டும் இழுத்துப் பார்ப்பதும், மேடையேறும்முன் நெஞ்சு படபடப்பதும் நோயாகத் தோன்றும். மருத்துவ மாணவரிடமும் இவ்வியல்பு காணப்படுவதுண்டு. அடுத்த கட்டம் இதனினும் இடர் மிக்கது. விடுதித் தோழருக்கும் வீட்டாருக்கும் நோய்ப்பெயர் சூட்டும் ஆவல் அப்போது எழும். ஓர் உணர்வு இயல்பான அளவைக் கடந்து, நெடுநாள் நீடித்து, அன்றாட வாழ்வைக் குலைக்கிறதா என்பதை ஆராயாமல் பெயர் சூட்டுதல் தகாது என ஆசிரியர் பலமுறை நினைவூட்ட வேண்டியிருக்கும்.

இங்கேதான் உறவினரின் இரண்டாம் கேள்வி மீண்டும் எழுகிறது. பொது உளவியலில் இளநிலைப் பட்டம் பெற்றவர் அப்பட்டத்தால் மட்டும் மருத்துவ உளவியலாளர் ஆவதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அதற்குரிய தகுதியை வரையறுக்கிறது. இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்ற கல்வியும், மேற்பார்வையின்கீழ் நோயாளிகளோடு பெறும் பயிற்சியும் அதற்கு வேண்டும். மருந்து எழுதித்தரும் மனநல மருத்துவரோ, மருத்துவப் பட்டம் பெற்றபின் மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர். இவ்வேறுபாடுகளைச் சேரும்போதே அறியாமையால், மூன்றாம் ஆண்டின் முடிவில் திகைத்து நிற்போர் உண்டு. பட்டம் வீணானது என்பது இதன் பொருளன்று. பள்ளி, மனிதவளம், சந்தை ஆய்வு, சமூகப்பணி எனப் பல துறைகளுக்கு அது வழிவகுக்கிறது. எனினும் சிகிச்சை அளிக்கும் விருப்பத்தோடு வருபவர் நெடும்பயணத்தின் முதற்பகுதியிலேயே இருக்கிறார்.

அவ்வாறாயின் உறக்கமற்ற அந்த உறவினருக்காக மாணவர் செய்யக்கூடியது என்ன? இடைமறிக்காமல் கேட்கலாம். சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ வீட்டார் சொல்லும்போது அவ்வாறன்று எனக் கூறலாம். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிற்குத் துணையாக உடன் செல்லலாம். தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயதுவந்தோருள் ஏறத்தாழ 10.6 விழுக்காட்டினர் அக்காலத்தில் மனநலக் கோளாற்றுக்கு ஆட்பட்டிருந்ததாகவும், அத்தகையோருள் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை எனவும் கண்டது. மருத்துவமனை வாயில்வரை ஒருவரை அழைத்துச் செல்வதன் மதிப்பை அவ்வெண்கள் கூறும்.

சொல் தேடும் இறுதியாண்டு

இறுதியாண்டில் மாணவர் தாமே ஓர் ஆய்வை வடிவமைக்கிறார். தமிழகத்தில் ஆய்வு செய்ய விரும்புவோர் பலர், மனச்சோர்வையோ பதற்றத்தையோ அளக்க ஆங்கிலத்தில் அமைந்த வினாநிரல் ஒன்றைத் தமிழாக்கத் தொடங்குவர். ஆங்கிலம் நன்கு அறிந்தவர் தமிழாக்குவார். மூலத்தைக் கண்டிராத வேறொருவர் அத்தமிழை மீண்டும் ஆங்கிலமாக்குவார். இரண்டு ஆங்கில வடிவங்களையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். ரிச்சர்டு பிரிஸ்லின் 1970இல் விரிவாக ஆராய்ந்து எழுதிய இம்முறை உலகெங்கும் கையாளப்படுகிறது.

சிக்கல்கள் உடனே தொடங்கும். ஆங்கிலத்தில் நீல நிறத்தைச் சோர்வுக்கு ஆளும் வழக்கு உண்டு; தமிழில் நீலத்திற்கு அப்பொருள் இல்லை. அச்சத்தால் அடிவயிற்றில் எழும் உணர்வுக்கு ஆங்கிலேயர் பட்டாம்பூச்சியை அழைப்பர். தமிழர் வயிற்றில் புளியைக் கரைப்பர். இரண்டும் ஒரே அளவு அச்சமா? பட்டாம்பூச்சி திருமண நாளின் இன்பப் பரபரப்பையும் குறிக்கக்கூடும். புளிக்கு அந்த இனிமை இல்லை. 'மனச்சோர்வு' என்னும் கலைச்சொல்லை எழுதினால், வயல் வேலைக்குச் செல்லும் முதியவர் அது தமக்குரிய கேள்வி என்றே எண்ணமாட்டார். "மனசு பாரமாக இருக்கிறது", "எதிலும் பிடிப்பு இல்லை", "நெஞ்சை அடைக்கிறது", "உடம்பெல்லாம் அசதி" என்பன அவர் வாயிலிருந்து வரும் சொற்கள். உடலின் மொழியில் உள்ளத்தைச் சொல்லும் அவற்றுள் எது சோர்வு, எது பதற்றம், எது நாள்முழுதும் நாற்று நட்ட களைப்பு?

மாணவர் ஊருக்குச் செல்கிறார். திண்ணையில் அமர்ந்து, ஒப்புதல் பெற்று, வினாநிரலை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுகிறார். "இதை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள், ஐயா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார். மூன்றாம் வினாவிற்கு ஒருவர் சொன்ன சொல் அவர் கொணர்ந்த எந்த அகராதியிலும் இல்லை. அதனை ஓரத்தில் எழுதி, அடிக்கோடிட்டு, அடுத்த வீட்டின் கதவைத் தட்டுகிறார்.